இலையும் வெயிலும் நீலமும்: சயனோடைப் அச்சில் அரூபம் பழகும் முறை

கேமரா இல்லாமல் இயற்கையைப் படம் பிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. இரண்டு இரும்பு உப்புகளைத் தண்ணீரில் கரைத்துக் காகிதத்தில் பூசி, உலர்ந்ததும் மேலே ஓர் இலையை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும். இலை மறைத்த இடம் வெள்ளையாகவே நிற்கும். அச்சை நிலைநிறுத்தத் தண்ணீரில் கழுவினாலே போதும். 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய வானியலாளர் கண்டறிந்த சயனோடைப் முறை இது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் பிரிட்டன் கடற்கரைப் பாசிகளை இப்படிப் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களோடு வந்த முதல் நூல் என்ற பெயர் அதற்கு உண்டு. கட்டட வரைபடத்தை ‘ப்ளூ பிரின்ட்’ என்கிறோமே, அதுவும் இந்த நீலத்தால் வந்த பெயர்தான்.

அரூப ஓவியம் (பொருளை அப்படியே காட்டாமல் வடிவம், நிறம், கோடு ஆகியவற்றால் அமையும் ஓவியம்) பழக விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்றே சொல்லலாம். வரையத் தெரிய வேண்டும் என்ற அச்சம் இங்கே இல்லை; கோடு போடுவது வெயில். கைபேசியோடு தோட்டத்தில் அரைமணி நேரம் நடந்தால் நாற்பது படம் சேரும், ஒன்றையும் நாம் ஊன்றிப் பார்த்திருக்க மாட்டோம். இந்த முறையில் ஒரு முற்பகல் முழுக்க உழைத்தால் நான்கு தாள் கிடைக்கும். அந்த நான்குக்காக நாற்பது இலையையாவது கையில் ஏந்தி, வெளிச்சத்தில் பிடித்து, நரம்பு ஓடும் திசையைப் பார்த்திருப்போம். அந்தப் பார்வைதான் இதில் கிடைக்கும் பெரிய பேறு.

வாங்க வேண்டியவை

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் விற்கும் கடையில் இரண்டு உப்புகளைக் கேளுங்கள். ஒன்று, ஃபெரிக் அமோனியம் சிட்ரேட். பச்சை வகையாக இருக்க வேண்டும். பழுப்பு வகையும் உண்டு, அதில் ஒளிக்கூர்மை குறைவு. மற்றொன்று பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இங்கே ஓர் எழுத்து மாறினால் பணம் வீண்: பொட்டாசியம் ஃபெரோசயனைடு என்ற வேறொரு உப்பு அதே அலமாரியில் இருக்கும். ஃபெரோ மஞ்சள் படிகம், ஃபெரி செம்மஞ்சள் படிகம். நமக்கு வேண்டியது செம்மஞ்சள்.

‘சயனைடு’ என்ற பெயரைக் கேட்டுப் பயம் வருவது இயல்பு. இந்த உப்பில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. ஆனால் அதைச் சூடாக்கினாலோ, கழிப்பறை கழுவும் ஆசிட் போன்ற வலுவான அமிலத்தோடு சேர்த்தாலோ அந்தப் பிணைப்பு உடைந்து நச்சு வாயு வரும். ஆகவே அடுப்பின் அருகே வேலை வேண்டாம். பாத்திரங்களை ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம். கையுறை போடுங்கள். இதற்கென்று ஒதுக்கிய கிண்ணமும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. குழந்தைகளோடு செய்வதானால் கரைசல் கலப்பதும் பூசுவதும் பெரியவர் வேலை. இலை அடுக்குவதும் கழுவுவதும் கையுறையோடு பிள்ளைகள் செய்யலாம்.

மற்றவை எளியவை: 1 கிராம் வரை காட்டும் மின்தராசு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் (பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் பேட்டரி ஆசிட் அல்ல, லேபிளைப் படித்து வாங்குங்கள்), 100 மில்லி பழுப்புக் கண்ணாடிக் குப்பி இரண்டு, மருந்துக்கடையில் 5 மில்லி சிரிஞ்சு இரண்டு, 2 அங்குல ஸ்பாஞ்ச் பிரஷ், 4 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி ஒன்று (ஓரம் தேய்த்து வாங்குங்கள்), அதே அளவில் ஒரு பலகை, நான்கு பெரிய கிளிப், இரண்டு பிளாஸ்டிக் தட்டு. இரும்புப் பட்டை போட்ட பெயின்ட் பிரஷைத் தவிருங்கள். கரைசல் அந்த உலோகத்தோடு வினைபுரிந்து தாளில் கருநீலப் புள்ளிகளாக இறங்கும்.

கரைசல்

முதல் குப்பியில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட். அதில் டிஸ்டில்டு வாட்டரை மொத்தம் 100 மில்லி வரும்வரை ஊற்றிக் கரையுங்கள். இரண்டாவது குப்பியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. அதுவும் மொத்தம் 100 மில்லி. குப்பிகளில் ‘1’, ‘2’ என்று எண்ணோடு பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் இருட்டில் பல மாதம் கெடாது. கலந்தபின் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

முதல் குப்பியில் சில வாரங்களில் பூஞ்சை படரலாம்; சிட்ரேட் அதற்கு நல்ல உணவு. வடிதாளில் வடித்தால் கரைசல் பழையபடி உதவும். கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை: பச்சை உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் களிபோல் ஆகிவிடும். வாங்கிய அன்றே முழுவதையும் கரைத்து வைப்பது நல்லது.

A5 தாள் ஒன்றுக்கு ஒவ்வொரு குப்பியிலிருந்தும் 1 மில்லி, ஆக 2 மில்லி போதும். A4 என்றால் இரட்டிப்பு. இந்தக் கணக்கில் மேலே சொன்ன 200 மில்லியில் ஏறத்தாழ நூறு சிறிய தாள்கள் பூசலாம். ஒரு குப்பிக்கு ஒரு சிரிஞ்சு என்று பிரித்து வையுங்கள். மாற்றி நுழைத்தால் குப்பிக்குள்ளேயே கலப்பு தொடங்கிவிடும்.

காகிதமும் பூச்சும்

தோல்விகளில் பாதி காகிதத்தில் தொடங்குபவை. வாட்டர்கலர் தாள், முழுப் பருத்தி, 300 ஜிஎஸ்எம் என்று கேளுங்கள். பல ஓவியத் தாள்களில் நாளடைவில் மஞ்சளாகாமல் இருக்கக் கால்சியம் கார்பனேட் சேர்ப்பார்கள். தாளுக்கு நல்லது, நம் நீலத்துக்கு எமன். காரத்தன்மை பட்டால் இந்த நீலம் சிதைந்து மங்கிய துருவாகிவிடும். எந்தத் தாள் ஒத்துவரும் என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடையில் மூன்று வகையில் ஒவ்வொரு தாள் மட்டும் வாங்கி, மூன்றிலும் ஒரே நாளில் ஒரே இலையைப் பதித்துப் பாருங்கள். ஆழமான நீலமும் சுத்தமான வெள்ளையும் எதில் வருகிறதோ அதை மொத்தமாக வாங்கலாம். பழைய பருத்திப் புடவைத் துண்டு, வேட்டித் துண்டு ஆகியவற்றிலும் அருமையாக வரும்; கஞ்சி போகத் துவைத்து, தேய்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூசும் அறையில் சன்னல் திரையை மூடுங்கள். மஞ்சள் நிற எல்இடி பல்பு எரியலாம். இந்தக் கலவையை மாற்றுவது புறஊதாக் கதிரும் அதையொட்டிய நீல, ஊதா ஒளியும் என்பதால் முழு இருட்டு தேவையில்லை. டியூப்லைட்டை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கலவையைத் தாளின் நடுவில் ஊற்றி, இடவலமாக ஒருமுறை, உடனே மேல்கீழாக ஒருமுறை இழுங்கள். அழுத்த வேண்டாம். முதல் முப்பது விநாடிக்குள் முடித்துவிட வேண்டும். பாதி காய்ந்த பூச்சின்மேல் மறுபடி இழுத்தால் தாளின் நார் கிளம்பி, கோடு கோடாகத் தெரியும். ஓரங்களைக் கத்தரித்தாற்போல் நேராக நிறுத்த வேண்டுமா, பிரஷ் போன போக்கில் கந்தலாக விடுவதா என்பது உங்கள் விருப்பம். அரூப வேலைக்குக் கந்தலான ஓரம் அழகு சேர்க்கும்.

தாளை ஐந்து நிமிடம் தட்டையாக வைத்து ஊறவிட்டு, பிறகு அலமாரிக்குள் உலர்த்துங்கள். சாதாரண நாளில் ஒரு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அரை நாள் ஆனாலும் உலராது. ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து வீசலாம். உலர்ந்த தாள் எலுமிச்சையின் பச்சைமஞ்சளாக இருக்கும். பூசிய அன்றோ மறுநாளோ பதித்துவிடுங்கள். வைக்க வைக்க வெள்ளை வெள்ளையாக இருக்காது.

முதலில் இலையை இலையாகவே

அரூபத்துக்குள் நேராகக் குதிக்க வேண்டாம். முதல் பத்துத் தாளில் இலை இலையாகவே தெளிவாக விழட்டும். வெயிலின் வேகம் கைக்குப் பிடிபட அதுதான் வழி.

முருங்கை, புளி, மயில்மாணிக்கம், பெரணி, அறுகு போன்ற மெல்லிய, கிளைத்த வடிவங்கள் முதலில் நன்றாக வரும். செம்பருத்தி இதழும் காகிதப்பூவும் ஒளியைப் பாதி விடும் என்பதால் நரம்புகள்கூட வெளிர்நீலமாகப் பதியும். மாவிலை, எருக்கிலை போன்ற தடித்தவற்றில் வெறும் நிழலுருவம்தான் கிடைக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அதைத் தொடாமலே விடலாம். உதிர்ந்ததை எடுங்கள், ஒடிக்காதீர்கள். பூச்சி அரித்த இலையை ஒதுக்கிவிட வேண்டாம். ஓட்டைகளின் வழியே வெயில் புகுந்து போடும் கோலம் முழு இலையில் வராது.

இலைகளை ஒருநாள் செய்தித்தாளுக்கு நடுவே, கனமான புத்தகத்தின் கீழ் வைத்து அழுத்துங்கள். பிறகு பலகை, பூசிய தாள், இலை, கண்ணாடி என்று அடுக்கிக் கிளிப் போடுங்கள். இலை தாளோடு ஒட்டியிருந்தால்தான் ஓரம் கூர்மையாக விழும். தண்டு தடித்திருந்தால் பிளேடால் நீளவாக்கில் பாதியாகச் சீவிவிடலாம்.

எவ்வளவு நேரம் வெயிலில் வைப்பது? ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே முதல் தாளைச் சோதனைக்கே கொடுத்துவிடுங்கள். தாளின்மேல் அட்டை ஒன்றை வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று சென்டிமீட்டர் நகர்த்தித் திறந்துகொண்டே போங்கள். முடிவில் 2, 4, 6, 8, 10, 12 நிமிடப் பட்டைகள் கிடைக்கும். கழுவி உலர்த்தி, எந்தப் பட்டைக்குமேல் நீலம் கூடவில்லையோ அதுவே உங்கள் நேரம். சித்திரை வெயிலில் முற்பகல் 11 மணிக்கு 5 முதல் 8 நிமிடம், மார்கழியில் அதே நேரத்துக்கு 10 முதல் 15 நிமிடம், மேகமூட்டத்தில் அரைமணி என்று தோராயமாக வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

கண்ணாலும் கணிக்கலாம். பச்சைமஞ்சள் முதலில் நீலப்பச்சையாகும், பிறகு அடர்ந்து, கடைசியில் பழைய வெண்கலப் பாத்திரம்போல் சாம்பல் பூத்த நிறத்துக்கு வரும். புதியவர்கள் நீலம் தெரிந்ததுமே எடுத்துவிடுகிறார்கள்; கழுவும்போது பாதி போய்விடும். வெண்கலச் சாயல் வரும்வரை பொறுங்கள்.

அந்தப் பத்து நிமிடம்

இந்தக் காத்திருப்பைக் கைபேசியில் கழித்துவிட்டால் இந்தக் கலையின் பாதியை இழக்கிறோம். நேரம் பார்க்கச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துக்கொண்டு, கைபேசியை வீட்டுக்குள் விட்டுவிட்டு வாருங்கள்.

தாளின் அருகே நிழலில் உட்காருங்கள். முதல் மூன்று நிமிடம் தாளின் நிறம் மாறுவதை மட்டும் கவனியுங்கள். அடுத்த மூன்று நிமிடம், பதிந்துகொண்டிருக்கும் இலையைப் போன்ற இன்னோர் இலையை இடக்கையில் வைத்து, அதன் விளிம்பைக் கண்ணால் மெல்லப் பின்தொடர்ந்தபடி, நோட்டில் பென்சிலால் ஒரே கோடாக இழுங்கள். நோட்டைப் பார்க்கக் கூடாது. கோடு கோணலாகத்தான் வரும், வரட்டும். இது கண்ணை மெதுவாக நகர்த்தப் பழக்கும் பயிற்சி. மிச்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு ஒலிகளைக் கேட்கலாம். மனம் வேறெங்கோ போனால் டைமரின் டிக் டிக்கும் தோளில் படும் சூடும் திருப்பி அழைத்துவரும். பத்துத் தாளுக்குள் ஒரு மாற்றம் தெரியும்: டைமர் அடிக்கும் முன்பே தாள் தயாராகிவிட்டதைக் கண் சொல்லும்.

தாளின் பின்புறம் பென்சிலால் தேதி, மணி, வானம் எப்படி, எத்தனை நிமிடம், என்ன இலை என்று எழுதிப் பழகுங்கள். பேனா மை தண்ணீரில் ஊறிவிடும்.

கழுவுதல்

வெயிலில் மாறாமல் நின்ற கலவை தண்ணீரில் கரைந்து போகும். வெயில் பட்ட இடத்தில் உண்டான பிரஷ்யன் நீலம் கரையாமல் நாரோடு தங்கும். தட்டில் தண்ணீர் ஊற்றி, தாளை முகம் கீழாக நழுவவிட்டு, மெதுவாக ஆட்டுங்கள். மஞ்சள் இறங்கும். மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி, மொத்தம் பத்து நிமிடம். இலை இருந்த இடத்தில் மஞ்சள் சாயல் துளியும் இல்லாதபோது நிறுத்துங்கள்.

போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் இங்கேதான் மனம் நொந்துபோகும். உப்புத் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. அழகாக வந்த நீலம் கண்ணெதிரே வெளிறும். முதல் தண்ணீரில் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட், அல்லது இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேருங்கள். இவை வலுவற்ற அமிலங்கள், ஆபத்தில்லை. சேர்த்துவைத்த மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. மழைநீர் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது.

கழுவிய உடனே நீலம் கொஞ்சம் சோகையாகத் தெரியலாம். காற்றுப் பட்டு ஒருநாளில் ஆழமாகும். உடனே பார்க்க ஆசைப்பட்டால், மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, தாளை அதில் முக்கிப் பாருங்கள். ஒரு நொடியில் நள்ளிரவு நீலம் வரும். முடிவில் இரண்டும் ஒரே ஆழம்தான், அவசரத்துக்கு மட்டும் இது.

கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் நிறையத் தண்ணீரோடு விடுங்கள். குளம், கிணறு, மீன்தொட்டிப் பக்கம் ஊற்றக் கூடாது. நீர்நிலையில் கலந்த ஃபெரிசயனைடு வெயிலில் மெல்லச் சிதைந்து சயனைடை வெளிவிடும். மீன்களுக்கு அது தாங்காது.

இலை மறையத் தொடங்கும்போது

இலை தெளிவாக விழப் பழகியபின், அதே தெளிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுவதுதான் அரூபத்துக்குப் போகும் பாதை. ஒரு நேரத்தில் ஒரே ஒன்றை மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் செய்தால் எது எதனால் வந்தது என்று தெரியாது, அடுத்த தாளுக்குக் கற்றுக்கொள்ளவும் எதுவும் மிஞ்சாது.

முதலில் உயரம். கண்ணாடியை எடுத்துவிட்டு, இலையைத் தாளுக்கு மேலே தூக்குங்கள். இரு பக்கமும் செங்கல் வைத்து, நடுவே நூல் கட்டித் தொங்கவிடலாம். சூரியன் வானத்தில் புள்ளியாக இல்லை, அரை டிகிரி அகலமான வட்டமாக இருக்கிறது. அதனால் நிழலின் ஓரம் உயரத்துக்கு ஏற்பக் கலங்கும்: 10 சென்டிமீட்டர் தூக்கினால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கலங்கல், 50 சென்டிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர். அதோடு நீலவானத்திலிருந்து சிதறிவரும் புறஊதாக் கதிர் பக்கவாட்டில் புகுந்து நிழலுக்குள்ளும் நீலம் பூசும். தாளைத் தொடும் காம்பு கூர்மையாக, மேலே எழும் நுனி புகையாக என்று ஒரே இலையில் இரண்டும் சேரும்போது தாளுக்கு ஆழம் வந்துவிடுகிறது. சென்னைப் பக்கம் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நிழலில்லா நாள் வரும். அந்த நாட்களின் நண்பகலில் தொங்கும் இலையின் நிழல் நேர் கீழே விழும். மற்ற நாட்களில் நிழல் எந்தப் பக்கம் சாயும் என்று முன்பே பார்த்துத் தாளை நகர்த்தி வையுங்கள்.

அடுத்தது நேரம். எட்டு நிமிடம் வேண்டிய தாளை நான்கு நிமிடத்தில் நிறுத்தி, இலையை விரலளவு நகர்த்தி, மீதி நான்கு நிமிடம் காட்டுங்கள். இருமுறையும் மறைந்த இடம் வெள்ளை, ஒருமுறை மறைந்த இடம் இடைநீலம், மறையாத இடம் கருநீலம். இந்த மூன்று நிலைகளை வைத்தே எத்தனையோ தாள் செய்யலாம். ஐந்து கோரைப்புல் போதும். இலைகளைக் குவிக்க வேண்டாம். தாளில் பாதியாவது காலியாக இருக்கட்டும்.

காலையில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது, களிமண் உருண்டையில் புல்லை நட்டு தாளின் ஓரத்தில் நிறுத்தினால் நெடிய நிழல் விழும். எட்டு மணி வெயிலில் புறஊதா குறைவு, நாற்பது நிமிடமாவது ஆகும். அதற்குள் நிழல் குட்டையாகிக்கொண்டே திரும்பும். தாளில் ஒரு கோடு விழாது, விசிறி விழும்.

இதைவிட ஆழமான ஒன்று உண்டு. மரநிழலில் தரையில் வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் கிடப்பதைக் கவனியுங்கள். இலையிடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் பொட்டு வட்டம்தான், ஏனென்றால் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். கிரகண நாளில் அத்தனை பொட்டுகளும் பிறையாகிவிடும். இடுக்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் பொட்டின் குறுக்களவு சுமார் 1 சென்டிமீட்டர். சூரியன் தன் அகலத்தளவு வானில் நகர இரண்டு நிமிடம் ஆகும். பொட்டும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும். ஆளுயரத்துக்குக் குறைவான ஒரு செடியின் அடியில் பூசிய தாளை வைத்து இருபது நிமிடம் விட்டால், பொட்டுகள் இழுத்த பத்து சென்டிமீட்டர் பட்டைகள் ஒரே திசையில் ஓடும். காற்று வீசியிருந்தால் அவை நடுங்கியிருக்கும். பூமி சுழன்றதன் தடம் அது. இந்த வகை அச்சில் இலை எங்குமே தெரியாது, ஆனால் அந்தச் செடி இல்லாமல் அது வந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பொட்டைத் தேர்ந்தெடுத்து, அது ஒரு கூழாங்கல்லைக் கடந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருங்கள்.

கடைசியில் ஈரம். பூச்சு உலரும் முன்பே இலைகளை அடுக்கி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து, சில இடத்தில் கல்லுப்பு, சில இடத்தில் சோப்பு நுரை, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் தூவிக் கண்ணாடியால் மூடி, இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் விடுங்கள். இலையிலிருந்து வரும் நீராவி கண்ணாடிக்கு அடியில் துளிர்த்து பூச்சை இடம்மாற்றும். வினிகர் பட்ட இடத்தில் நீலம் நிலைக்கும். நுரையின் காரம் பட்ட இடம் வெளிறும். உப்புக்கல்லைச் சுற்றித் தண்ணீர் குளம்கட்டி வளையம் விழும். மஞ்சள்தூள் தாளுக்குச் சாயமேற்றும், ஆனால் அந்தச் சாயம் வெளிச்சத்தில் சில மாதத்தில் போய்விடும் என்பதை அறிந்தே பயன்படுத்துங்கள். மழை தூறத் தொடங்கும் நாளில் உலர்ந்த தாளைத் தட்டில் வைத்துப் பத்து விநாடி நனையவிட்டு உள்ளே எடுத்து, மேகம் விலகியதும் வெயிலில் காட்டுவது இன்னொரு வழி. ஒவ்வொரு துளியும் தன் வட்டத்தைப் பதித்திருக்கும்.

ஈரமுறை கவர்ச்சியானது, எதைச் செய்தாலும் ஏதோ ஒன்று அழகாக வந்துவிடும். அதனாலேயே அதைக் கடைசியில் வைத்திருக்கிறோம். முதலிலேயே அங்கே போனவர்கள் தற்செயலை மட்டும் நம்பிச் சலித்துவிடுகிறார்கள்.

கைபேசிப் படத்தை இதில் கொண்டுவர

காலை ஏழு மணியின் சாய்வெயிலில் மரப்பட்டை, குளத்தின் அலைவரி, காய்ந்த ஏரியின் வெடிப்பு, பாறையில் படர்ந்த பாசி ஆகியவற்றை எடுங்கள். அளவைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் சட்டத்துக்குள் வேண்டாம்: அடிவானம், மனிதர், முழு இலை எல்லாம் வெளியே. அப்போது வேப்பம்பட்டை மலைத்தொடராகத் தெரியத் தொடங்கும். கைபேசி மிக நெருங்கினால் ஃபோகஸ் பிடிக்காது. ஒரு சாண் தள்ளி நின்று பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட் கூட்டி, ‘இன்வெர்ட்’ செய்து நெகட்டிவாக மாற்றி, இடவலமாகத் திருப்பி, ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்சிடக் கேளுங்கள். மை உள்ள பக்கம் பூச்சைத் தொடும்படி வைக்க வேண்டும், திருப்புவது அதற்காகத்தான். லேசர் மை பெரும்பாலும் போதிய கறுப்பாக இராது; வெளிச்சம் கசிந்து வெள்ளை அழுக்காகும். ஒரே நெகட்டிவை இரண்டு ஷீட்டில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் செல்லோடேப் ஒட்டினால் சரியாகும். அந்த நெகட்டிவோடு ஓர் உண்மையான இலையையும் சேர்த்து வைக்கலாம்.

எது தவறும், ஏன்

கழுவும்போது எல்லாமே போய்விட்டதா? வெயில் போதவில்லை, அல்லது சன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தீர்கள். நிறம் ஏற்றிய கண்ணாடியும் சில அக்ரிலிக் தகடுகளும் புறஊதாவைத் தடுத்துவிடும். வெள்ளை வரவேண்டிய இடம் முழுக்க நீலமா? பூசும்போதோ உலர்த்தும்போதோ வெளிச்சம் பட்டிருக்கும், அல்லது நேற்றுக் கலந்த கரைசல். கலவை மஞ்சள்பச்சையாக இல்லாமல் நீலம் பாய்ந்திருந்தால் கொட்டிவிடுங்கள். கருநீலத் துகள்கள் தண்ணீரில் உதிர்கிறதா? பூச்சு தடிமன், தாளுக்குள் இறங்காமல் மேலேயே நின்றிருக்கிறது. வழவழப்பான தாளில் இது அதிகம். இலையின் உருவைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை என்றால் இலை ஈரமாக இருந்தது, அழுத்தியது போதாது. உலர்ந்த பிறகு மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் கழுவியது போதவில்லை.

கெட்ட தாளையும் எறிய வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவை சோடா கரைத்து அதில் முக்கினால் நீலம் வெளிறி மஞ்சளாகும். நன்றாகக் கழுவி, நான்கு தேக்கரண்டித் தேயிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய அரை லிட்டர் கறுப்புத் தேநீரில் ஒருமணி நேரம் ஊறவிடுங்கள். தேயிலையின் டானின் இரும்போடு சேர்ந்து கருமையான பழுப்பைத் தரும். தாளின் வெள்ளையும் லேசாகத் தேநீர் நிறமாகும். நீலத்தில் எடுபடாத மரப்பட்டைப் படங்கள் இந்த நிறத்தில் உயிர்பெறுவதுண்டு.

முடிந்த தாள்களைச் சுவரில் மாட்டுவதானால் நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள். பின்னட்டை, பசை எல்லாம் காரமற்றவையாக இருக்கட்டும். சுண்ணாம்பு அடித்த சுவரில் நேரடியாக ஒட்ட வேண்டாம். வெளிச்சத்தில் நெடுநாள் இருந்து நீலம் வெளிறிவிட்டால், தாளைச் சட்டத்திலிருந்து கழற்றிக் காற்றுப் புகும் இருட்டு அலமாரியில் சில வாரம் வையுங்கள். வெளிச்சம் நிறமிழக்கச் செய்த பிரஷ்யன் நீலம் ஆக்சிஜனை ஏற்று பெருமளவு திரும்பிவரும்.